மதுரை வெயிலில் ஒரு பவளத் தொட்டி: அமைப்பதும் ஊட்டுவதும்

மதுரையில் வீட்டுக்குள் பவளத் தொட்டி வைத்திருக்கிறேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: “அதுக்கு என்ன சாப்பாடு போடுவீங்க?” பவளத்துக்கு நாம் கையால் கொடுக்கும் உணவு நான்காம் இடத்தில்தான் வருகிறது. தண்ணீர், குளிர்ச்சி, வெளிச்சம் மூன்றும் சரியாக இருந்தால் வாரத்துக்கு இருமுறை ஒரு சிட்டிகை உணவு போதும். அவை சரியில்லாத தொட்டியில் எவ்வளவு உணவு போட்டாலும் அது தண்ணீரைக் கெடுக்கத்தான் செய்யும். அதனால் இந்த வழிகாட்டியும் அதே வரிசையில் போகிறது. உணவைப் பற்றிப் பிற்பாதியில் விரிவாக எழுதியிருக்கிறேன்.

முதலில், எதை வைக்கக்கூடாது

தொட்டி வாங்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டியது இது. கல் எலும்புக்கூடு கட்டும் பவளங்கள் அனைத்தும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கின்றன. 2001-ல் சேர்த்தார்கள். புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. கறுப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவையும் அதில் அடக்கம். இதை மீறினால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. செத்த பவளத்துக்கும் விலக்கு இல்லை. ராமேஸ்வரம் போனபோது யாரோ விற்றார்கள் என்று வெள்ளைப் பவளக் கல்லை வாங்கிவந்து தொட்டியில் போடுவதும் குற்றம்தான்.

சட்டத்தைத் தாண்டியும் எனக்கு இதில் ஒரு பிடிவாதம் உண்டு. மதுரையிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டரில் மண்டபம். அங்கிருந்து தூத்துக்குடி வரை நீளும் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றித்தான் நம் பவளப் பாறைகள் இருக்கின்றன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் என்று பல காலம் வெட்டி எடுக்கப்பட்ட பாறைகள் அவை. 2016-ல் கடல் நீர் சூடேறி ஏராளமான பவளங்கள் வெளுத்தன. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் பவளத் துண்டுகளைக் கடலடியில் நட்டு வளர்த்து வருகிறது. ஒருபக்கம் ஒவ்வொரு துண்டாக நட்டுக்கொண்டிருக்கும்போது, இன்னொரு பக்கம் நம் வரவேற்பறைக்காக ஒரு துண்டு உடைவது நியாயமில்லை.

அப்படியானால் என்ன வைக்கலாம்? இந்தப் பட்டியலில் இல்லாத மூன்று கூட்டங்கள் வீட்டுத் தொட்டிக்குப் போதுமான அழகு தரும்: லெதர் எனப்படும் தோல் பவளம், மஷ்ரூம் எனப்படும் காளான் பவளம், சட்டைப் பொத்தான்களை நெருக்கி அடுக்கியதுபோல் இருக்கும் சோவா. ஏற்கெனவே தொட்டி வைத்திருப்பவர் தன்னிடம் வளர்ந்ததிலிருந்து வெட்டித் தரும் துண்டே எல்லாவற்றிலும் நல்லது. கடையில் வாங்கினால் எங்கிருந்து வந்தது என்று கேட்டு, ரசீதோடு வாங்குங்கள். மன்னார் வளைகுடாவில் எடுத்தது என்றால் எந்த வகையானாலும் வேண்டாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஹாமர், டார்ச், ஃப்ராக்ஸ்பான், பிரெயின் என்ற பெயர்களில் விற்கப்படுபவை பார்க்க மெத்துமெத்தென்று ஆடும். “சாஃப்ட் கோரல்தான் சார்” என்றும் சொல்வார்கள். அடியில் பாருங்கள். சதைக்குக் கீழே அந்த உயிரே கட்டிய வெள்ளைக் கல்கூடு இருந்தால் அது கல் பவளம். காளானுக்கும் சோவாவுக்கும் அப்படிக் கூடு கிடையாது. எங்காவது ஒரு கல்லைப் பற்றிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

தொட்டியும் அதன் இடமும்

3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொண்ட தொட்டி தொடக்கத்துக்குச் சரியான அளவு. சுமார் 190 லிட்டர் பிடிக்கும். சின்னத் தொட்டி சுலபம் என்று நினைப்பது தவறு. தண்ணீர் குறைவாக இருந்தால் சூடும் உப்பும் வேகமாக ஏறி இறங்கும். கல், ஸ்டாண்ட், நீரைச் சுத்தம் செய்யும் கருவிகளுக்காகக் கீழே இருக்கும் சிறு தொட்டியான சம்ப் எல்லாம் சேர்ந்து 300 கிலோ வரை போகும் என்பதால் சுவரோரமாக, கெட்டியான தரையில் வையுங்கள். மேற்குப் பார்த்த சுவர் வேண்டவே வேண்டாம். மதுரையில் மேற்குச் சுவர் இரவு பத்து மணிக்கும் கொதித்துக்கொண்டிருக்கும். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையைவிடத் தரைத்தள அறை இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சியாக இருக்கும். அந்த வித்தியாசம் மே மாதத்தில் உயிர் காக்கும்.

பாறைக்குச் செயற்கையாகச் செய்த நுண்துளைக் கற்கள் கிடைக்கின்றன, அவை போதும். மணல் போடாமல் வெறும் கண்ணாடித் தளமாக விடச் சொல்வேன். கடைகளில் விற்கும் பவள மணல் எங்கே அள்ளியது என்று தெரியாது. வெறும் தளத்தில் கழிவையும் சுலபமாக உறிஞ்சி எடுக்கலாம்.

கூடவே வேண்டியவை: கழிவை நுரையாக்கிப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர், மணிக்கு 4000 லிட்டர் அளவுக்கு நீரைச் சுழற்றும் வேவ்மேக்கர், சம்பிலிருந்து நீரை மேலேற்றும் பம்ப், நீல ஒளி தரும் எல்.இ.டி. விளக்கு. எல்லா ஒயரும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கிவிட்டு மேலேறும்படி மாட்டுங்கள். வழியும் உப்புநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், சுவிட்ச் போர்டுக்குப் போகாது.

தண்ணீர்

மதுரையில் பல பகுதிகளில் போர் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 1000-ஐத் தாண்டும். குடத்தின் உள்ளே படியும் வெள்ளைப் படிவைப் பார்த்தாலே தெரியும். அந்தத் தண்ணீரை நேரடியாகப் பயன்படுத்தினால் பாசிக்கு விருந்து வைப்பதுபோல ஆகிவிடும். வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தில் வரும் நீரும் போதாது, அதிலும் 30 முதல் 80 வரை மிச்சம் இருக்கும். ஆர்.ஓ.வுக்குப் பின், மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. குடுவை ஒன்றைச் சேர்த்து மீட்டரில் 0 காட்டும் நீரை எடுங்கள். ஆர்.ஓ. இயந்திரத்தில் சுவை கூட்டத் தாது சேர்க்கும் பகுதி இருந்தால் அதற்கு முன்பே குழாயைப் பிரித்துவிட வேண்டும்.

ஒரு லிட்டருக்குச் சுமார் 36 கிராம் கடல் உப்புக் கலவை. சமையல் உப்பு ஆகாது, பவளத் தொட்டிக்கென்று விற்கும் கலவைதான் வேண்டும். வாளியில் ஒரு பம்ப் போட்டு ஒருநாள் முழுதும் சுற்றவிட்டு, உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஆயிரத்துக்கு 35 பங்கு வருகிறதா பாருங்கள். மீட்டரைத் தூய நீரில் வைத்துச் சரிபார்த்தால் போதாது. 35 பங்கு என்று குறித்து விற்கும் சரிபார்ப்புக் கரைசலில் மாதம் ஒருமுறை சோதிப்பதே சரி. மண்டபத்திலிருந்து கேனில் கடல் நீர் கொண்டுவரலாமே என்று சிலர் கேட்பதுண்டு. கரையோர நீரில் என்ன கலந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. நான் அதைச் செய்வதில்லை.

உப்புநீரும் கற்களும் தயாரானதும் நான்கு முதல் ஆறு வாரம் வெறும் தொட்டியை ஓடவிட வேண்டும். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் கற்களில் குடியேறும் காலம் அது. பாக்டீரியாவுக்குச் சிறிது மீன் தீனி போட்டுவிட்டு, டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0 ஆகும்வரை காத்திருங்கள். இந்தக் காத்திருப்பைத் தாங்காமல்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள். முதல் உயிராக ஒரு ஜோடி கோமாளி மீன் விடலாம். மண்டபத்திலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் அவற்றைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. பண்ணையில் பிறந்த மீனைக் கேட்டு வாங்குங்கள். தொட்டித் தீனிக்குப் பழகியதாக இருக்கும். கடலிலிருந்தும் ஒன்று குறையாது.

கத்திரி வெயில்

மதுரைத் தொட்டிகள் சாவதற்கு முதல் காரணம் சூடு. மார்ச் கடைசியில் தொடங்கி, அழகர் ஆற்றில் இறங்கும் சித்திரைப் பௌர்ணமி தாண்டி, கத்திரி முடியும்வரை ஒவ்வொரு நாளும் வெப்பமானியைப் பார்க்க வேண்டும். பவளத்துக்கு வேண்டியது 24 முதல் 27 டிகிரி. வெளியே 40 டிகிரி இருக்கும்போது, மூடிய அறையில் தொட்டி நீர் 32-க்கு மேல் போய்விடும்.

சூடேறினால் என்ன ஆகிறது என்று புரிந்துகொண்டால் எதைச் செய்யவேண்டும் என்பதும் புரியும். பவளத்தின் திசுவுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தை வைத்து அவை சமைக்கும் சர்க்கரைதான் பவளத்தின் முக்கிய ஆகாரம். ஆற்றல் தேவையில் 90 சதவீதம் வரை அதிலிருந்தே கிடைக்கலாம். நீர் சூடானால் அந்தப் பாசிகள் பவளத்துக்கே நஞ்சாகும் பொருட்களை வெளியிடத் தொடங்கும். பவளம் அவற்றைத் துப்பிவிடும். பாசி போனதும் நிறம் போய் வெளுக்கிறது, பட்டினியும் தொடங்குகிறது. மன்னார் வளைகுடாவில் நடந்தது இதுதான், உங்கள் வரவேற்பறையிலும் இதுவேதான் நடக்கும். கூடவே, சூடான நீரில் ஆக்ஸிஜன் குறைவாகவே கரையும்.

நீர்ப்பரப்பின் மேல் காற்று வீசும்படி இரண்டு சின்ன விசிறிகள் வைத்தால் இரண்டு முதல் நான்கு டிகிரி இறங்கும். மதுரையின் வறண்ட காற்றில் இது கடற்கரை ஊர்களைவிட நன்றாகவே வேலை செய்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்குதான். ஆனால் ஒருநாளில் மூன்று நான்கு லிட்டர் ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அப்படியே நிற்கும். நான்கு லிட்டர் வீதம் மூன்று நாள் ஈடுசெய்யாமல் விட்டால் 35 பங்கு உப்பு 37-ஐத் தாண்டிவிடும். ஈடுசெய்யும்போது டி.ஐ. நீரை மட்டும் ஊற்றுங்கள், உப்புநீரை ஊற்றாதீர்கள். மிதவை வைத்துத் தானாக நிரப்பும் கருவி ஒன்று கட்டாயம் வேண்டும்.

ஏப்ரல், மே மாதங்களுக்கு விசிறி போதாது. தொட்டி நீரைக் குளிரவைக்கும் சில்லர் கருவி வாங்குங்கள், இல்லையென்றால் தொட்டி இருக்கும் அறைக்கு ஏ.சி. போடுங்கள். சில்லர் தொட்டியிலிருந்து எடுக்கும் சூட்டை அறைக்குள்தான் தள்ளும். அதைத் தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் அடைத்து வைத்தால் தன் சூட்டைத் தானே இழுத்துக்கொண்டு ஓயாமல் ஓடும். என் முதல் கோடையில் நான் செய்த தவறு இது. பெரிய லெதர் ஒன்று மூன்றே நாளில் கரைந்துபோனது. ஜன்னல் பக்கம், காற்றோட்டத்தில் வையுங்கள்.

அவசரத்துக்கு ஐஸ் பாட்டில் போடலாமா? ஒரு லிட்டர் நீரை உறையவைத்து மூடியோடு மிதக்கவிட்டால் 190 லிட்டர் தொட்டி சுமார் அரை டிகிரி குறையும். அவ்வளவுதான். ஃப்ரீசரில் நான்கு பாட்டில் எப்போதும் இருக்கட்டும், ஒன்றன்பின் ஒன்றாகப் போடுங்கள். ஒரேயடியாகக் குளிரவைப்பதும் அதிர்ச்சிதான்.

மின்வெட்டுக்கு இன்வெர்ட்டரில் வேவ்மேக்கரையும் மேலேற்றும் பம்பையும் மட்டும் இணையுங்கள். விளக்கு எட்டு மணி நேரம் எரியாவிட்டால் ஒன்றும் ஆகாது. நீர் அசையாமல் நின்றால்தான் மூச்சுமுட்டும். பராமரிப்புக்காக நாள் முழுதும் மின்சாரம் நிறுத்தும் அறிவிப்பு வந்தால், முந்தைய நாளும் அன்றும் உணவே போடாதீர்கள். இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும்.

வெளிச்சமும் இடமும்

நாளுக்கு எட்டு மணி நேரம் போதும். காளான்கள் அடியில், நிழலில். சோவா நடுவில். லெதர் மேலே, நல்ல நீரோட்டத்தில். புதிதாக வந்த எதையும் முதலில் தரையில் வைத்து, இரண்டு வாரத்தில் படிப்படியாக மேலேற்றுங்கள். ஜன்னல் வெயில் தொட்டியில் விழக்கூடாது.

சோவாவைத் தொடும்போது ஓர் எச்சரிக்கை, இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதன் சில வகைகளில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு வெட்டுங்கள். சோவா ஒட்டிய கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று கொதிக்கவைக்கவே கூடாது. அந்த ஆவியை மூச்சில் இழுத்து வீட்டோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் உண்டு. வாயில் கசப்பு, மூச்சுத் திணறல், கண் எரிச்சல் வந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போய் இந்த நஞ்சின் பெயரைச் சொல்லுங்கள்.

உணவு

இப்போது எல்லோரும் கேட்கும் கேள்விக்கு வருவோம். மூன்று கூட்டமும் ஒரே மாதிரி சாப்பிடுவதில்லை.

லெதருக்குக் கையால் ஊட்டத் தேவையில்லை. நீரில் கரைந்திருப்பதையும் மிக நுண்ணிய துகள்களையும் அது தானே எடுத்துக்கொள்ளும். மீனுக்குப் போடும் தீனியின் மிச்சமே அதற்குப் போதும். அவ்வப்போது அது ஒரு வாரம் சுருங்கி, மெழுகு பூசியதுபோல் ஆகும். பயந்துபோய் உணவு போடுவார்கள். அது தோல் உரிக்கிறது, அவ்வளவுதான். நீரோட்டத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டுச் சும்மா இருங்கள்.

காளான்களில் ரோடாக்டிஸ் வகைதான் உண்மையான சாப்பாட்டுப் பிரியர். நடுவில் ஒரு துண்டு இறால் விழுந்தால் ஓரங்களைக் கூட்டிச் சுருக்குப்பை போல மூடிக்கொள்ளும். டிஸ்கோசோமா வகைக்குத் தூள் போதும். சோவா நடுத்தரம்: பொடியாக இருந்தால் பிடிக்கும், பெரிதாக இருந்தால் தள்ளிவிடும்.

ஆர்டீமியா எனப்படும் உப்புநீர் இறால் குஞ்சுகள்தான் எனக்குப் பிடித்த உணவு. மதுரையில் இதைப் பொரிக்க ஹீட்டரே வேண்டாம், நம் அறைச் சூடே போதும். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டித் தலைகீழாக நிறுத்துங்கள். ஒரு லிட்டர் நீரில் 25 கிராம் தூத்துக்குடிக் கல்லுப்பு, ஒரு சிட்டிகை ஆப்பச் சோடா, அரைத் தேக்கரண்டி ஆர்டீமியா முட்டை. அடியிலிருந்து காற்றுக்குழாய் பலமாகக் குமிழி விடவேண்டும், மேலே ஒரு விளக்கு. ஒருநாளில் செம்மஞ்சள் புள்ளிகளாகக் குஞ்சுகள் நீந்தும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடுகள் மேலே மிதக்கும், குஞ்சுகள் கீழே டார்ச் வெளிச்சத்தின் பக்கம் கூடும். அவற்றை மட்டும் மெல்லிய துணியில் வடித்து, டி.ஐ. நீரில் அலசி எடுங்கள். பொரித்த சில மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். வயிற்றில் இருக்கும் மஞ்சள் கரு தீர்ந்துவிட்டால் சத்து குறைந்துவிடும்.

இன்னொன்று வீட்டிலேயே அரைக்கும் உறைந்த உணவு. மீன் மார்க்கெட்டில் அன்று வந்த இறால் 100 கிராம், கணவாய் 50 கிராம், வெள்ளைச் சதை மீன் 50 கிராம். மத்தி போன்ற எண்ணெய் மீன் வேண்டாம், நீர் மேல் ஆடை படியும். ஓடு, முள், தோல் நீக்கி மிக்ஸியில் விட்டுவிட்டு இரண்டு மூன்று சுற்று. இதற்கென்று தனி ஜார் வைத்துக்கொள்வது வீட்டு அமைதிக்கும் நல்லது. கூழாக்க வேண்டாம், ரவை அளவுக்கு இருக்கட்டும். பிறகு டீ வடிகட்டியில் போட்டு, வடியும் நீர் தெளியும்வரை அலசுங்கள். பலர் விட்டுவிடும் படி இது. பாசியை வளர்க்கும் பாஸ்பேட்டில் பெரும் பகுதி அந்தக் கலங்கல் சாற்றோடு போய்விடும். கவரில் போட்டு மெல்லிசாகத் தட்டி ஃப்ரீசரில் வையுங்கள். ஒருவேளைக்குக் கட்டைவிரல் நகம் அளவுத் துண்டு போதும்.

ஊட்டும் நேரம் விளக்கு அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு. ஸ்கிம்மரையும் பம்பையும் நிறுத்திவிட்டு, முதலில் மீன்களுக்குத் தீனி போடுங்கள். பசியோடிருக்கும் மீன் பவளத்தின் வாயிலிருந்து பிடுங்கிவிடும். உணவைத் தொட்டி நீரிலேயே கரைத்து, ஒரு அடி நீளமுள்ள சொட்டுக்குழாயில் எடுத்து, பவளத்துக்கு ஓர் அங்குலம் மேலே மெதுவாக விடுங்கள். பீய்ச்சினால் சுருங்கிக்கொள்ளும். 10 நிமிடம் கழித்து மூடிக்கொள்ளாதவற்றின் மேல் கிடக்கும் மிச்சத்தை அதே குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் பம்பைப் போடுங்கள். ஸ்கிம்மரை ஒரு மணி நேரம் கழித்துப் போடலாம்.

வாரம் இருமுறை, அதற்கு மேல் வேண்டாம். கோடையில் ஒருமுறை. ஊட்டும் அளவு சரியா என்பதை நைட்ரேட் சொல்லும். 5 முதல் 15 பி.பி.எம். (லிட்டருக்கு மில்லிகிராம்) வரை நல்லது. 30 ஆனால் உணவைப் பாதியாக்குங்கள். பாஸ்பேட் 0.1-ஐத் தாண்டினால் கற்களில் முடி போலப் பாசி முளைக்கும். இரண்டுமே 0 என்று பெருமைப்படுவதும் சரியில்லை, பவளம் வெளிறும்.

வாரந்தோறும் 20 லிட்டர் மாற்றுங்கள், 720 கிராம் உப்பு ஆகும். கல் பவளத்துக்கு எலும்புக்கூடு கட்ட கால்சியமும் ஆல்கலினிட்டியும் (நீரின் அமிலம் தாங்கும் திறன்) தினமும் ஈடுசெய்ய வேண்டியிருக்கும். நம் மூன்று கூட்டமும் அவற்றை மிகக் குறைவாகவே எடுப்பதால் இந்த நீர் மாற்றமே போதும். ஆல்கலினிட்டி அதன் அலகான டி.கே.எச். கணக்கில் 8 முதல் 9 இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். லெதர்கள் நீரில் இரசாயனம் கலந்து பக்கத்துப் பவளங்களை ஒடுக்கும். அதை உறிஞ்சிக்கொள்ள ஒரு பை ஆக்டிவேட்டட் கார்பன் சம்பில் இருக்கட்டும், மாதம் ஒருமுறை மாற்றுங்கள். மாற்றிய உப்புநீரைச் செடிக்கோ கிணற்றடியிலோ ஊற்றாமல் சாக்கடை வடிகாலில் விடுங்கள்.

பெருகும்போது

ஒன்றரை வருடத்தில் இடம் போதாமல் போகும். ராமேஸ்வரம் போகும்போது கடலில் விட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். வளர்ப்புக்காகக் கொண்டுவந்த காப்பாபைகஸ் என்ற கடற்பாசி பரவி, மண்டபத்துக்கு அருகிலுள்ள குருசடைத் தீவுப் பக்கம் உயிருள்ள பவளங்களைப் போர்த்தி மூடியிருக்கிறது. தொட்டியில் வளர்ந்த எதுவும், அந்த நீரும்கூட, கடலுக்குப் போகக்கூடாது.

வெட்டிப் பகிர்வதுதான் வழி. காளானை வெளியே எடுத்து, கூரான பிளேடால் வாய் வழியாக நான்காக வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டிலும் வாயின் ஒரு பகுதி இருக்கட்டும். நீரோட்டம் குறைவான இடத்தில், சிறு கற்கள் போட்ட கிண்ணத்தில் துண்டுகளை வைத்துக் கொசுவலைத் துணியால் மூடிவிடுங்கள். இல்லையென்றால் மிதந்துபோய்ப் பம்பில் மாட்டும். இரண்டு மூன்று வாரத்தில் கற்களைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொன்றும் புதிதாக வாய் திறக்கும். அதற்குப் பிறகு முதல் உணவாக ஆர்டீமியா இரண்டு சொட்டு கொடுத்துப் பாருங்கள். மூடிக்கொண்டால், வேறொருவர் வீட்டுக்குப் போக அது தயார்.